ஏலமலைச் சரிவில் வானொலி

வானொலி என்றதும் நம் நண்பர்கள் பலர் புன்முறுவல் பூக்கின்றனர். அது தாத்தா பாட்டி காலத்துச் சரக்கு என்பது அவர்கள் எண்ணம். கைப்பேசியில் உலகமே அடங்கிக் கிடக்க, பேட்டரிக் கட்டை போட்டுக் கேட்கும் பெட்டி எதற்கு என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. இயற்பியல் மாணவனாகிய நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். என்னை மாற்றியது முதலில் பாடநூல் அன்று. என் அப்பத்தாவின் பழைய டிரான்சிஸ்டர்.

அப்பத்தா முப்பது ஆண்டுகள் ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவர். நம் ஊர்ப் பெண்கள் பலர் விடியுமுன் போடியில் ஜீப் ஏறி, பொழுது சாய இறங்கிவிடுவார்கள். அப்பத்தா அப்படி இல்லை. போடிமெட்டுக்கு அப்பால், சாலையை விட்டு இறங்கி நடக்க வேண்டிய ஒரு சரிவில், தோட்டத்து லயத்திலேயே பருவம் முழுதும் தங்கிவிடுவார்.

2018 நவம்பரில் அவருக்கு உடல்நலம் சரியில்லை என்று கேட்டு அப்பாவும் நானும் போயிருந்தோம். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கஜா புயல் வந்த வாரம் அது. மின்சாரம் போய்விட்டது. அப்பாவின் கைப்பேசியில் டவர் இல்லை. பதினாறாம் தேதி காலையில் அப்பா ஊருக்கு இறங்கிவிடலாம் என்று புறப்பட்டு நின்றார்.

"இன்னைக்கு மெட்டுப் பாதையில இறங்க வேணாம்யா. புயலு வேதாரண்யத்துல ஏறிருச்சாம். மேக்க நம்ம பக்கந்தான் வருதாம்" என்றார் அப்பத்தா.

"கோடை எஃப்.எம். இங்க கேக்கவே இல்லையேம்மா. எந்த ஸ்டேசன்ல சொன்னாங்க?"

"திருச்சியோ என்னமோ. பெட்டியத் திருப்பி வச்சேன், கேட்டுச்சு."

அன்று தங்கிவிட்டோம். காற்றும் மழையும் மலையை உலுக்கின. மறுநாள் இறங்கும்போது பாதையில் விழுந்து கிடந்த மரங்களை வெட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தனர்.

"பெட்டியத் திருப்பி வச்சேன்" என்ற அந்தச் சொல் என் மனத்தில் தங்கிவிட்டது. வானொலி கேட்காவிட்டால் நாம் செய்வது ஏரியலை இழுத்து நீட்டுவதுதானே? அப்பத்தா ஏரியலைத் தொடவில்லை. பெட்டியையே கிழக்கும் மேற்குமாகச் சுற்றினார். கல்லூரிக்கு வந்து, ஆய்வுக்கூடத்தில் ஒரு பழைய பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. உள்ளே கரிய நிறத்தில் ஒரு ஃபெரைட் கோல். அதன்மேல் மெல்லிய செப்புக் கம்பிச் சுற்று. மத்திய அலையை வாங்குவது அந்தக் கோல்தான். அலை வரும் திசைக்குக் குறுக்காக அது கிடந்தால் ஒலி உரத்துக் கேட்கும். அலை வரும் திசையிலேயே நீண்டு கிடந்தால் ஒலி மங்கிவிடும். வெளியே நீட்டும் ஏரியல் பண்பலைக்கும் சிற்றலைக்கும் உரியது. பள்ளிக்கூடம் போகாத அப்பத்தா இதைக் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்.

அடுத்த கேள்வி: பக்கத்து மலையிலிருக்கும் கோடைக்கானல் கேட்காத இடத்தில், தொலைவிலுள்ள திருச்சி எப்படிக் கேட்டது? விடை அலைநீளத்தில் உள்ளது. கோடைப் பண்பலையின் அதிர்வெண் 100.5 மெகா ஹெர்ட்ஸ். ஒளியின் வேகத்தை அதனால் வகுத்தால் அலைநீளம் ஏறக்குறைய 3 மீட்டர். 936 கிலோ ஹெர்ட்ஸில் ஒலித்து நமக்குப் பழகிய திருச்சி நிலையத்துக்கு அது 320 மீட்டர். 3 மீட்டர் அலைக்கு ஒரு குன்று பெரும் சுவர். நேர்க்கோட்டில் வந்து முட்டி நின்றுவிடும், பின்னால் நிழல் விழும். 320 மீட்டர் அலையோ தரையைத் தழுவி, மேட்டைச் சுற்றி வளைந்து பள்ளத்திலும் இறங்கிவிடும். சிறு குச்சியின் பின்னால் குளத்து அலை வளைந்து போவதை நாம் பார்த்ததில்லையா?

பண்பலையைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அதன் ஒலித்தெளிவுக்கு மத்திய அலை ஈடாகாது. கோபுரத்துக்கு இடம் தேர்ந்தவர்களின் அறிவையும் பாராட்ட வேண்டும். கோடைக்கானல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம். உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12 ஆல் பெருக்கினால் அலை எட்டும் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும் என்பது பாடநூல் வாய்பாடு. போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 190 வருகிறது. தென்மாவட்டங்கள் பலவற்றில் தேநீர்க் கடைகளிலும் வயல்வரப்பிலும் கோடைப் பண்பலை ஒலித்த இரகசியம் இதுவே. ஆனால் இந்தக் கணக்கு தடையில்லாத சமவெளிக்கு மட்டுமே பொருந்தும். சென்ற ஆண்டு நான் டிரான்சிஸ்டருடன் போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் நின்று கேட்டேன். ஒரு வளைவில் பாட்டு கணீரென்று கேட்கும். அடுத்த வளைவில் வெறும் இரைச்சல். ஜீப்காரர்கள் என்னைப் பித்தன் என்றே எண்ணியிருப்பார்கள்.

இனி வரலாற்றைச் சிறிது பார்ப்போம். இந்தியாவில் ஒலிபரப்பின் முன்னோடிகளுள் ஒன்று நம் சென்னையே. 1924இல் சென்னை மாகாண ரேடியோ கிளப் என்ற தன்னார்வலர் சங்கம் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமில்லாமல் 1927இல் அது நின்றுபோக, 1930இல் சென்னை மாநகராட்சி அப்பணியை ஏற்றது. அரசு நடத்திய ஒலிபரப்புக்கு 1936இல் ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் வந்தது. சென்னை நிலையம் 1938இலும், திருச்சி 1939இலும், திருநெல்வேலி 1963இலும் தோன்றின. ஆகாசவாணி என்பது மைசூரில் எம்.வி.கோபாலசுவாமி என்ற பேராசிரியர் 1935இல் நடத்திய தனியார் நிலையத்தின் பெயர். பின்னர் அதையே நாடு முழுமைக்கும் எடுத்துக்கொண்டார்கள். 2023 முதல் ஆங்கிலப் பெயரை விடுத்து அதனையே வழங்குகின்றனர். வானொலி என்ற அழகிய சொல்லை நாக்கில் பழக்கிக்கொண்ட நமக்கு இதில் மனத்தாங்கல் உண்டு. அது தனிக் கட்டுரைக்குரியது.

'பலர் நலன், பலர் இன்பம்' என்ற பொருளுடைய வடமொழித் தொடரே இந்த நிறுவனத்தின் குறிக்கோள். நலனும் இன்பமும் எப்போதும் கைகோத்து வருவதில்லை. 1952 முதல் 1962 வரை செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த பி.வி.கேஸ்கர் திரைப்பாட்டை மட்டமானதெனக் கருதினார். வானொலியில் திரைப்பாட்டு அருகியது. மக்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள்! 1957 அக்டோபர் 3இல் விவித பாரதி தொடங்கப்பட்ட பின்னரும் தென்தமிழகத்தில் இலங்கையின் செல்வாக்கு நெடுங்காலம் குறையவில்லை. கடல்நீர் நல்ல மின்கடத்தி. அதன்மேல் மத்திய அலை சோர்வின்றிப் பயணம் செய்யும். அந்த அறிவிப்பாளர்களின் தமிழை அப்பத்தா இன்றும் பேசிக்காட்டுவார்.

நலன் பக்கத்துக்கும் ஒரு சான்று உண்டு. 1960களில் தஞ்சை வட்டாரத்துக்கு ஆடுதுறை 27 என்ற நெல் வந்தது. அதைப் பயிரிடும் முறையைத் திருச்சி வானொலி எடுத்துச் சொல்ல, கேட்டு நட்ட உழவர்கள் அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரிட்டுவிட்டனர். ஒரு வானொலி நிலையத்துக்கு இதைவிடப் பெரிய விருது வேறென்ன வேண்டும்?

தொலைக்காட்சியின் கதை வேறு. தில்லியில் 1959 செப்டம்பர் 15இலும், சென்னையில் 1975 ஆகஸ்ட் 15இலும் அது தொடங்கியது. 1976இல் தூர்தர்ஷன் வானொலியிலிருந்து பிரிந்தது. நம் பக்கம் அதன் படம் கோடைக்கானல் கோபுரம் வழியே வீடு வந்து சேர, கூரைதோறும் மீன்முள் போன்ற ஏரியல்கள் முளைத்தன. 2022க்குள் அத்தகைய தரைவழிக் கோபுரங்களில் பெரும்பாலானவற்றின் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. இப்போது எல்லாம் வட்டத் தட்டின் வழியே விண்ணிலிருந்து வருகிறது. படம் தெளிவுதான், மின்சாரம் இருக்கும்வரை.

மத்திய அலைக்கும் இப்போது அதே காலம் வந்திருக்கிறது. பழைய மத்திய அலைக் கருவிகளை அண்மை ஆண்டுகளில் ஒவ்வொன்றாக ஓய்வு கொடுத்து வருகின்றனர். அவை மின்சாரத்தை விழுங்குகின்றன, பாகங்கள் கிடைப்பதில்லை, கேட்பவரும் குறைவு என்பன காரணங்கள். பொய்யென்று சொல்ல முடியாது. மாற்றாக எண்முறை ஒலிபரப்பும், கைப்பேசிச் செயலியும், மேலும் பல பண்பலை நிலையங்களும் உள்ளன. எண்முறை ஒலியை வாங்கும் பெட்டி விலை மிகுந்தது. நம் ஊர்க் கடைகளில் நான் கண்டதில்லை. செயலிக்கு டவர் வேண்டும். பண்பலைக்கு மலை வழிவிட வேண்டும்.

1990இல் நாடாளுமன்றம் இயற்றி, 1997இல் நடைமுறைக்கு வந்த பிரசார் பாரதிச் சட்டத்தை நூலகத்தில் எடுத்துப் படித்தேன். சட்டம் படிப்பது இயற்பியல் மாணவனுக்குக் கடினந்தான். அதன் 12ஆம் பிரிவு இந்த நிறுவனத்தின் கடமைகளை அடுக்குகிறது. உழவு, ஊரக முன்னேற்றம், கல்வி, நலவாழ்வு ஆகியவற்றுக்குத் தனிக் கவனம் தருவதோடு, பொருத்தமான தொழில்நுட்பத்தைத் தேர்ந்து எல்லாப் பகுதிக்கும் ஒலிபரப்பு எட்டச் செய்வதும் அவற்றுள் ஒன்று. 'பொருத்தமான' என்ற சொல்லில் என் கண் நின்றது. சமவெளிக்குப் பொருத்தமானது சரிவுக்கும் பொருந்துமா? தனியார் பண்பலைகள் 2001 முதல் நாட்டில் இயங்குகின்றன. விளம்பரம் கிடைக்கும் நகரங்களை அவை நாடுவது இயல்பு. சொந்தச் செய்தி ஒலிபரப்பவும் அவற்றுக்கு அனுமதியில்லை. ஆகவே புயல் நாளில் லயத்து வீட்டுக்கு வரக்கூடிய குரல் பொது ஒலிபரப்பின் குரல் ஒன்றே.

நான் கேட்பது பெரிதன்று. எந்தச் சரிவில் எது கேட்கிறது என்று நேரில் அளந்து பார்த்த பிறகு ஒரு நிலையத்தை மூடட்டும். மலை நிழலில் சிறிய பண்பலை அஞ்சல் கருவி ஒன்றை நட்டால் போதும் என்று அளவீடு சொன்னால், அதுவும் நல்லதே.

அளவீட்டை நாமே தொடங்கலாம் என்று இயற்பியல் துறைப் பேராசிரியரிடம் சொன்னேன், இசைந்திருக்கிறார். வரும் விடுமுறையில் குரங்கணிப் பாதையிலும் போடிமெட்டுப் பாதையிலும் லயம் லயமாகச் சென்று, காலை, நண்பகல், இரவு மூன்று வேளையும் குறித்துவர எண்ணம். இரவு அவசியம், பொழுது சாய்ந்ததும் மேல்வானின் மின்னூட்டப் படலம் மாறி, பகலில் கேட்காத தொலைநிலையங்கள் வந்துவிடும். சேர விரும்பும் நண்பர்கள் துறையில் பெயர் கொடுக்கலாம். டிரான்சிஸ்டரை அப்பத்தா தருவதாகச் சொல்லியிருக்கிறார். பேட்டரிக் கட்டைகள் மட்டும் நாம் வாங்கிக்கொள்ள வேண்டும்.