கூலியாள் வேடத்தில் வந்த குருவானவர்
புனித யோசப் வாஸ் அடிகளாரின் வாழ்வு நமக்குத் தரும் பாடம்



திம்புள்ளப் பகுதித் தோட்டங்களில் வாழும் நமக்கு ஒரு கதை நன்றாகத் தெரியும். நம் பாட்டன் பூட்டன்மார் தமிழகத்திலிருந்து கடல் கடந்து மன்னாரில் இறங்கி, காடும் மேடும் நடந்து மலையேறி வந்த கதை அது. அவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே, அதே கடலைக் கடந்து, கூலியாளைப் போல உடுத்தி, வெறுங்காலோடு இலங்கைக்கு வந்தார் ஒரு குருவானவர். அவரே புனித யோசப் வாஸ் அடிகளார்.

அந்தக் காலம்

அது மனச்சாட்சிக்கு மதிப்பில்லாத காலம். தங்கள் மனம்போல் கடவுளை வழிபட வேண்டுமென்று இங்கிலாந்தை விட்டு அமெரிக்காவுக்குச் சென்ற தூய்மைவாதிகள் 1630இல் மாசசூசெற்ஸ் குடியேற்றத்தை நிலைநாட்டினார்கள். ஆனால் தங்களுக்குக் கேட்ட சுதந்திரத்தை அவர்கள் பிறருக்குக் கொடுக்கவில்லை. கத்தோலிக்க குருக்கள் அங்கே நுழையலாகாது என்று 1647இல் சட்டம் செய்தார்கள்.

இலங்கையிலும் அதே நிலைதான். 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் பிடித்த ஒல்லாந்தர், கத்தோலிக்க குருக்களை வெளியேற்றினார்கள். குருக்களுக்கு இடங்கொடுப்போருக்கும் கடுந்தண்டனை விதித்தார்கள். இங்கே நாமும் உண்மையை மறைக்கலாகாது. அதற்கு முன் ஆண்ட போர்த்துக்கேயக் கத்தோலிக்கர், 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தவர்கள். அதிகாரம் கையில் இருந்தபோது எல்லோருமே பிறர் மனச்சாட்சியை மிதித்தார்கள்.

அடிகளாரின் வருகை

யோசப் வாஸ் 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி கோவா நாட்டிலுள்ள பெனோலிம் என்னும் ஊரில், கொங்கணிப் பிராமண வழிவந்த கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். 1676இல் குருப்பட்டம் பெற்றார். இலங்கைக் கத்தோலிக்கர் ஆயனற்ற ஆடுகளாகத் தவிப்பதை அறிந்து, யோவான் என்ற ஒரு பணியாளுடன் புறப்பட்டு 1687இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார்.

வந்ததும் வயிற்றோட்டம் கண்டு சாகக் கிடந்தார். இரக்கமுள்ள ஒரு பெண் ஊற்றிய கஞ்சியால் உயிர் பிழைத்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். உயர்ந்த குலம் என்று உலகம் மதித்த ஒருவர், யார் வீட்டுக் கஞ்சி என்று கேளாமல் வாங்கிக் குடித்தார்! தமிழைக் கற்றார். கழுத்தில் செபமாலை அணிந்து வீடு வீடாகப் பிச்சை கேட்டு, அதைக் கண்டு முகம் மலர்ந்தவர்களிடம் தம்மை வெளிப்படுத்தினார். சில்லாலையைத் தளமாகக் கொண்டு இரவுகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.

கண்டி மாநகரில்

1692இல் கண்டிக்கு வந்தபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் காவலில் வைக்கப்பட்டார். காவலில் இருந்தபடியே சிங்களம் படித்தார். மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் நாளடைவில் அவரது தூய்மையை அறிந்து, தன் நாட்டில் தடையின்றிப் பணிபுரிய விட்டான். சிந்தித்துப் பாருங்கள். கிறிஸ்தவர்களான ஒல்லாந்தர் துரத்திய கத்தோலிக்க குருவுக்கு நிழல் கொடுத்தவன் பௌத்த மன்னன்.

1697இல் கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளோர் ஊரைவிட்டு ஓடினார்கள். நோயாளிகளைச் சொந்த வீட்டாரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அடிகளாரோ அவர்களுக்குக் குடிசை அமைத்து, புண் கழுவி, உணவூட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தார். இவர் எந்தச் சமயம், என்ன சாதி என்று அவர் கேட்கவில்லை.

1711 சனவரி 16ஆம் திகதி கண்டியிலேயே உயிர் நீத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட சரியான இடம் இன்று எவருக்கும் தெரியாது. 1995இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2015 சனவரி 14ஆம் திகதி கொழும்பு காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

நமக்குரிய பாடங்கள்

முதலாவது, குருவானவர் இல்லாத ஊரிலும் விசுவாசம் வாழும். அடிகளார் ஊர்தோறும் மூப்பரையும் அண்ணாவியாரையும் ஏற்படுத்தி, செபத்தையும் மறைக்கல்வியையும் அவர்கள் பொறுப்பில் விட்டார். சுவாமி மாதம் ஒருமுறைதான் வருகிறார் என்று குறை சொல்லுகிறோமே, மற்ற ஞாயிறுகளில் நம் தோட்டத்துக் கோயில் கதவைத் திறப்பது யார்?

இரண்டாவது, நோயாளியை ஒதுக்கலாகாது. 2020இல் கொரோனா வந்தபோது தொற்றுக் கண்டவர் வீட்டை எப்படிப் பார்த்தோம்? விலகி நிற்பது அவசியமாயிருந்தது, உண்மை. ஆனால் வாசற்படியில் ஒரு பொதி அரிசி வைக்க அது தடையாயிருந்ததா?

மூன்றாவது, சாதி. ஒரே பிரட்டுக் களத்தில் நின்று, ஒரே மலையில் கொழுந்து பறித்து, ஒரே அப்பத்தை நற்கருணையாக உண்டபின், அடுத்த காம்பராவில் தண்ணீர் குடிக்கத் தயங்கினால், நாம் வாங்கிய நற்கருணைக்கு என்ன பொருள்?

நான்காவது, பிறர் மனச்சாட்சி. சமயச் சுதந்திரம் மனிதர் ஒவ்வொருவரின் உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் அறிக்கையிட்டது. அயலிலுள்ள மாரியம்மன் கோயிலையும் விகாரையையும் மதிப்பது நம் விசுவாசத்தைக் குறைக்காது. கண்டி மன்னன் காட்டிய பெருந்தன்மைக்கு நாம் செலுத்தும் கடன் அது.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் லயத்தில் யாரும் சென்று பாராத நோயாளி அல்லது முதியவர் யார்?
2. சாதியின் பெயரால் நம் வீட்டில் இன்னும் காக்கப்படும் வழக்கம் எது?
3. சுவாமி வராத ஞாயிறன்று செபத்தை நடத்த நம்மில் யார் முன்வருவோம்?

இன்றிரவு செபமாலை முடிந்ததும் இக்கேள்விகளைப் பிள்ளைகளையும் கூட்டிவைத்துப் பேசுங்கள். முதலாம் கேள்விக்கு விடையாக ஒரு பெயர் கிடைக்குமானால், ஞாயிறு வரை காத்திராமல் நாளை மாலையே அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். கையில் கொஞ்சம் கஞ்சி இருந்தால் போதும்.