கருங்கரடி வேட்டைக்கான ரைஃபிள் குண்டும் லோடும்: முக்கியக் குறிப்புகள்

வனப்பணித் தேர்வுக்கும் பொது அறிவுத் தாளுக்கும் படிப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடக் கூடாது. இயற்பியல், விலங்கியல், பன்னாட்டுச் சட்டம் மூன்றிலிருந்தும் இதில் கேள்வி எடுக்கலாம். முதலில் மனத்தில் பதிய வேண்டியது: தோட்டாவின் பெயரைவிடக் குண்டின் கட்டமைப்பு முக்கியம், அதைவிட முக்கியம், குண்டு உடலில் எங்கே படுகிறது என்பது.

விலங்கு

• அமெரிக்கக் கருங்கரடியின் அறிவியல் பெயர் உர்சஸ் அமெரிக்கானஸ். இயற்கை வாழிடம் கனடா, அமெரிக்க ஐக்கிய நாடுகள், மெக்சிகோ மட்டுமே.

• ஐ.யு.சி.என். நிலை: குறைந்த கவலை. ஆனாலும் சைட்டிஸ் இரண்டாம் இணைப்பில் உள்ளது. காரணத்தைச் சேர்த்துப் படிக்கவும்: அழியும் நிலையிலுள்ள ஆசியக் கரடிகளின் பித்தப்பையை அமெரிக்கக் கரடியுடையது என்று சொல்லி விற்பதைத் தடுக்கவே இந்தக் கட்டுப்பாடு.

• பெயர்தான் கருங்கரடி. பழுப்பு, இலவங்க நிறத்திலும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கெர்மோடு வகையில் வெள்ளையும் உண்டு. நிறத்தை வைத்து கிரிஸ்லி கரடியிலிருந்து பிரிக்க முடியாது. தோள் திமில் இருந்தால் கிரிஸ்லி. மொன்டானா மாநிலத்தில் கரடியை அடையாளம் காணும் தேர்வில் தேறினால்தான் கருங்கரடி வேட்டை உரிமம் கிடைக்கும்.

• இந்தியாவில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 கரடி வேட்டையைத் தடை செய்கிறது. இமயமலைப் பகுதியில் உள்ள கருங்கரடி உர்சஸ் திபெத்தானஸ். தமிழ்நாட்டுக் காடுகளில் இருப்பது தேன்கரடி. கீழே வருவதெல்லாம் வட அமெரிக்காவைப் பற்றியது.

உடலமைப்பு கேட்கும் குண்டு

• இலையுதிர் காலத்தில் குளிர்காலத் துயிலுக்காகக் கரடி கொழுப்பைச் சேர்க்கிறது. குண்டு நுழைந்த சிறு துளையை இந்தக் கொழுப்பு உள்ளிருந்தே அடைத்துவிடும். மேலே அடர்ந்த உரோமம் கசியும் இரத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் மான் போனால் தரையில் இரத்தத் தடம் கிடைப்பதுபோலக் கரடி போனால் கிடைக்காது. காயம்பட்ட கரடி புதருக்குள் மறைந்து, கிடைக்காமலே போய்ச் சாவது வேட்டையில் நேரக்கூடிய மிக மோசமான முடிவு. குண்டு தேர்வின் முழு நோக்கமும் இதைத் தவிர்ப்பதுதான்.

• ஆகவே தேவை இரண்டு: குண்டு உள்ளே விரிய வேண்டும், மறுபக்கம் வெளியேறவும் வேண்டும். வெளியேறும் துளை தாழ்வாக இருந்தால் தடம் கிடைக்கும்.

• இலக்கு இதயமும் நுரையீரலும். பக்கவாட்டிலோ, சற்று அப்பால் திரும்பியோ கரடி நிற்கும்போது தோளுக்குப் பின்னால் சுட வேண்டும். தலையைக் குறி வைக்கக் கூடாது.

தோட்டாப் பெயர்களும் ஆண்டுகளும்

• ஒரு தோட்டாவின் உறுப்புகள் நான்கு: உறை, பிரைமர், வெடிமருந்து, குண்டு. எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து என்ற சேர்க்கையே லோடு.

• .45-70 கவர்ன்மென்ட், 1873. .30-30 வின்செஸ்டர், 1895. .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட், 1906. .270 வின்செஸ்டர், 1925. .308 வின்செஸ்டர், 1952.

• இங்கே பலர் சறுக்குவார்கள். .45-70 என்பதில் 70, கரிமருந்தின் எடை (கிரெயினில்). .30-30 என்பதில் இரண்டாவது 30, புகையில்லா மருந்தின் எடை. .30-06 என்பதில் 06, ஆண்டு. மூன்றையும் ஒரே விதியில் அடக்க முடியாது.

• 1 பவுண்டு = 7,000 கிரெயின். 1 கிரெயின் = 0.0648 கிராம். 180 கிரெயின் குண்டு ஏறத்தாழ 11.7 கிராம்.

• .30-30 லிவர் ரைஃபிளில் குழாய் மேகசீன். தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். பின்னதன் குண்டு முனை முன்னதன் பிரைமரைத் தொடும். கூர்முனை உலோகக் குண்டு போட்டால் அதிர்வில் வெடிக்கக்கூடும். அதனால் தட்டை முனை அல்லது மென்மையான பாலிமர் முனை.

கணக்கு

• இயக்க ஆற்றல் = ½ × நிறை × திசைவேகத்தின் இருமடி. .30-06, 180 கிரெயின், வினாடிக்கு 2,700 அடி (823 மீட்டர்): குழல்முனையில் ஏறத்தாழ 3,950 ஜூல். .30-30, 170 கிரெயின், 2,200 அடி: ஏறத்தாழ 2,480 ஜூல்.

• இவ்வளவு வித்தியாசம் இருந்தும் அருகிலிருந்து சுட்டால் .30-30 கருங்கரடிக்குப் போதும். இரை வைத்துக் காத்திருக்கும் வேட்டையில் தூரம் பெரும்பாலும் 100 மீட்டருக்குள். அந்தத் தூரத்தில் அதிவேக மேக்னம் குண்டு வேகம் குறையாமல் மோதும். மேலுறை மெல்லியதாக இருந்தால் தோளெலும்பில் பட்டுச் சிதறி, ஆழம் போகாமல் நின்றுவிடும். ஆற்றல் எண்ணை மட்டும் பார்த்துத் தோட்டா தேர்ந்தெடுப்பது தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

• குறுக்குவெட்டு அடர்த்தி = பவுண்டில் எடை ÷ அங்குல விட்டத்தின் இருமடி. .308 அங்குல விட்டத்தில் 150 கிரெயினுக்கு 0.226, 180 கிரெயினுக்கு 0.271. கட்டமைப்பு ஒன்றாக இருந்தால், எண் கூடக் கூட ஊடுருவல் கூடும். கரடிக்கு .30 விட்டத்தில் 165 முதல் 180 கிரெயின் வரை எடுப்பது இதனால்தான்.

குண்டு வகைகள்

• சாதாரண மென்முனை: செம்புக் கலவை உறைக்குள் ஈயம். மலிவு. மிதமான வேகத்துக்கு ஏற்றது.

• பிணைப்புக் குண்டு: ஈயமும் உறையும் ஒட்டப்பட்டிருக்கும். எலும்பில் பட்டாலும் பிரியாது.

• நோஸ்லர் பார்ட்டிஷன்: ஜான் நோஸ்லர் உருவாக்கியது. 1946-ல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டையில் அவருடைய குண்டுகள் சரியாக ஊடுருவாததே தூண்டுகோல். குண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் நடுவே ஒரு குறுக்குச் சுவர் தெரியும். முன்னறை ஈயம் காளானாக விரியும். சுவர் தடுப்பதால் பின்னறை ஈயம் கலையாமல் உள்ளே தள்ளிக்கொண்டு போகும். கருங்கரடிக்கு ஒரே வகையைச் சொல்லச் சொன்னால் முதலில் சொல்ல வேண்டியது இது.

• முழுச்செம்புக் குண்டு: பார்ன்ஸ் எக்ஸ், 1989. ஈயமே இல்லை, முனை இதழ்களாகப் பிரியும்.

சட்டம்

• விரியும் குண்டு போரில் தடை: ஹேக் பிரகடனம், 1899. பின்னணி: கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி-கிளே உருவாக்கிய மென்முனைக் குண்டு.

• வேட்டையில் நிலைமை நேர் எதிர். கலிஃபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் பெருவிலங்கு வேட்டைக்கு விரியும் குண்டையே கட்டாயமாக்குகின்றன. முழு உலோக உறைக் குண்டு மெல்லிய துளையிட்டுக் கடந்துவிடும். விலங்கு விரைவில் சாகாது.

• பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், 1937: நீள்துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி. தொகை வனவிலங்குப் பாதுகாப்புக்கு மாநிலங்களுக்குச் செல்கிறது.

• கொலராடோ 1992-ல் இரை வைத்தும் நாய் விட்டும் கரடி வேட்டையாடுவதை வாக்கெடுப்பு மூலம் தடை செய்தது.

• கலிஃபோர்னியாவில் 1 ஜூலை 2019 முதல் எல்லா வேட்டைக்கும் ஈயத் தோட்டா தடை. வேட்டையாடி விட்டுப்போன கழிவில் நுண்ணிய ஈயத் துணுக்குகள் இருக்கும். அதைத் தின்ற கலிஃபோர்னியா காண்டர் கழுகுகள் நஞ்சேறிச் செத்தன. 1982-ல் அந்த இனத்தில் எஞ்சியவை 22 மட்டுமே. மாற்று, முழுச்செம்பு. செம்பு ஈயத்தைவிட அடர்த்தி குறைந்தது. அதே எடைக்குக் குண்டு நீளும். எடை சிதறாமல் நிற்பதால் 180-க்குப் பதில் 150 அல்லது 165 கிரெயின் போதும். ஆனால் வேகம் மிகவும் குறைந்தால் இதழ் விரியாது. தூரத்தைச் சுருக்கிக்கொள்ள வேண்டும்.