சொல்லிக் கொடுத்தோம், பலன் என்ன?



மதியச் சாப்பாடு முடிந்ததும் அரை மணி நேரம், ஒன்பதாம் வகுப்பு மாணவிகளாகிய நாங்கள் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுத்து வருகிறோம். இது உங்கள் எல்லாருக்கும் தெரியும். “இதனால என்ன பிரயோஜனம்? எங்க பிள்ளைங்க படிப்புதானே கெடுது” என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. நியாயமான கேள்விதான். “தினமும் போறோம், நிறைய பேர் வர்றாங்க” என்று சொன்னால் அது பதில் ஆகாது. வந்தவர்கள் கணக்கு வேறு, கற்றவர்கள் கணக்கு வேறு. கற்றதை எப்படி அளப்பது? நம்ம வயசுப் பிள்ளைகளே வாத்தியாராகப் போன ஒரு நாட்டைப் பார்த்தால் இது விளங்கும்.

கியூபா, 1961

கியூபா என்பது கரீபியன் கடலில் உள்ள ஒரு தீவு நாடு. அந்தக் காலத்தில் கரும்பு அதிகம் விளைந்த ஊர். அங்கே 1959-ல் புரட்சி நடந்து பிடல் காஸ்ட்ரோ தலைமையில் புதிய அரசு வந்தது. 1961-ஆம் ஆண்டைக் ‘கல்வி ஆண்டு’ என்று அறிவித்தார்கள். ஒரே வருஷத்தில் எல்லாருக்கும் எழுத்தறிவு என்பதுதான் நோக்கம்.

ஆனால் அத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர் போதவில்லை. அதனால் மாதக்கணக்கில் பள்ளிகளை மூடி, விருப்பப்பட்ட மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். சுமார் 1 லட்சம் பேர் போனார்கள். அதில் பாதிக்கு மேல் பெண் பிள்ளைகள்! ஆளுக்கு ஒரு விளக்கு, கட்டிப் படுக்க ஒரு தூளி, இரண்டு புத்தகம். பகலில் அந்த வீட்டாரோடு வயல் வேலை, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் பாடம். பயமும் இருந்தது. அந்த வருஷம் ஜனவரியிலேயே கொன்ராடோ பெனிட்டஸ் என்ற 18 வயது இளம் ஆசிரியரைக் கொன்றுவிட்டார்கள். மாணவர் படைக்கு அவர் பெயரையே வைத்தார்கள்.

எப்படி அளந்தார்கள்?

கற்பவருக்கு மூன்று தேர்வு வைத்தார்கள்.
1. தொடக்கத்தில்: இவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்?
2. நடுவில்: எதுவரை வந்திருக்கிறார், எங்கே திணறுகிறார்?
3. முடிவில்: ஒரு பத்தி வாசிக்க வேண்டும், சொல்வதைக் கேட்டு எழுத வேண்டும், கடைசியாகப் பிரதமர் காஸ்ட்ரோவுக்குச் சொந்தமாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அந்தக் கடிதங்கள் இன்றும் ஹவானா நகரில் ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இந்த மூன்றாவது தேர்வுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாடத்தை மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கலாம். கடிதத்தை ஒப்பிக்க முடியாது. நம்ம நாலாம் வகுப்பிலும் சில பிள்ளைகள் புத்தகத்தை மூடி வைத்தாலும் பாடத்தைக் கடகடன்னு ‘வாசிக்கிறாங்க’! அது வாசிப்பு இல்லை, ஞாபகம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று கண்டறிந்தது = 9,79,207
கற்றுக்கொண்டவர் = 7,07,212
கற்காமல் மீதி = 2,71,995

அதாவது 100 பேரில் சுமார் 72 பேர் கற்றார்கள். 28 பேர் கற்கவில்லை. அந்த மீதிக் கணக்கையும் எழுதி வைத்திருப்பது முக்கியம்.

ஆனால் கியூபாவைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் “எழுத்தறியாதோர் 23.6 சதவீதத்திலிருந்து 3.9 சதவீதமாகக் குறைந்தனர்” என்றுதான் எழுதுவார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 23.6 என்பது 1953 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 10 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எடுத்த சதவீதம். 3.9 என்பது கைக்குழந்தை உட்பட மொத்தம் சுமார் 69 லட்சம் பேரில் எடுத்தது. கீழே உள்ள எண் மாறிவிட்டால் இரண்டு பின்னங்களை அப்படியே ஒப்பிடலாமா? கூடாது என்று ஆறாம் வகுப்பிலேயே படித்துவிட்டோம். அதே 69 லட்சத்தில் 9,79,207 பேர் என்பது சுமார் 14 சதவீதம். ஆக 14-லிருந்து 4 என்பதே சரியான ஒப்பீடு. அப்போதும் அது பெரிய சாதனைதான். சாதனையைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை.

எண் சொல்லாத மூன்று விஷயம்

ஒன்று, யாரால் வந்தது? மாணவர்கள் மட்டும் அல்ல, உள்ளூர்ப் பெரியவர்களும் தொழிலாளர்களும் ஆசிரியர்களும் சேர்ந்துதான் சொல்லிக் கொடுத்தார்கள். எல்லாப் புகழையும் மாணவர்களுக்கே கொடுத்துவிட முடியாது. நம்ம பிள்ளைகளுக்கும் வகுப்பு டீச்சர் தினமும் நடத்துகிறார். முன்னேற்றம் முழுவதும் எங்களால் என்று சொல்வது சரியாகாது.

இரண்டு, எதைப் படித்தார்கள்? அந்தப் பாடப்புத்தகத்தின் 15 பாடங்களில் அரசின் கொள்கைகளே நிறைய இருந்தன. வாசிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, படிப்பதை நமக்கு நாமே யோசிக்கவும் வேண்டும்.

மூன்று, பிறகு என்ன ஆனது? எழுத்துப் பழக்கம் விட்டால் மறந்து போகும். அதனால் 1962 முதல் தொடர் வகுப்புகள் வைத்து, ஆறாம் வகுப்பு அளவுக்குக் கொண்டுவர முயன்றார்கள்.

நாம் செய்யலாமே!

* ஒரு நோட்டில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் போட்டு, முதல் நாள், நடு, கடைசி என மூன்று கட்டம் போடலாம்.
* சோதிக்கும்போது பாடப்புத்தகம் வேண்டாம். பார்க்காத ஒரு சின்னக் கதை, ரேஷன் கடைப் பலகை, பஸ் பெயர்ப்பலகை போதும்.
* கடைசியில் ஒவ்வொருவரும் தலைமை ஆசிரியருக்குச் சொந்தமாக நான்கு வரியில் கடிதம் எழுத வேண்டும். ‘எங்க தெருவுல குழாயில தண்ணி வரல’ என்று எழுதினாலும் சரி.
* நடுவில் நின்றுபோன பிள்ளைகளைக் கணக்கிலிருந்து எடுக்கக் கூடாது. ஏன் நின்றார்கள் என்று எழுத வேண்டும்.
* சொல்லிக் கொடுக்கும் அக்காமார்களின் பருவத் தேர்வு மதிப்பெண்ணையும் அதே நோட்டில் எழுத வேண்டும். குறைந்திருந்தால் நாள்களைக் குறைக்கலாம். இது பெற்றோர் கேள்விக்கும் பதில் ஆகும்.
* கோடை விடுமுறை முடிந்து ஜூனில் மறுபடி ஒருமுறை வாசிக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். அப்போதும் நிற்பதுதான் உண்மையான பலன்.

அடுத்த ஆண்டு நாங்கள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வு இருப்பதால் மதிய நேரத்தில் வர முடியாது. எட்டாம் வகுப்புத் தங்கைகள் இப்போதே எங்களோடு வந்து உட்கார்ந்தால் அந்த நோட்டை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போவோம். விருப்பம் உள்ளவர்கள் இந்தத் தாளுக்குக் கீழே பென்சிலால் பெயர் எழுதுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி