படகின் கழிப்பறை கற்றுத் தந்த பாடம்

2025 ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். எட்டாம் வகுப்பில் ‘தாரிணி’ பாய்மரப் படகின் படத்தைக் காட்டிக்கொண்டிருந்தேன். இந்தியக் கடற்படையின் அந்த 56 அடிப் படகில் புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா, கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னா என்ற இரு பெண் அதிகாரிகள் மட்டும் உலகைச் சுற்றி வந்திருந்தார்கள். 2024 அக்டோபர் 2 அன்று கோவாவில் புறப்பட்டு, 25,000 கடல் மைலுக்கும் அதிகமான தூரம் கடந்து, 2025 மே 29 அன்று அங்கேயே திரும்பினார்கள். கோவளம் பிள்ளைகளுக்குக் கடல் புதிதல்ல. புயல், பெரிய அலை, திமிங்கலம் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன்.

ஒரு மாணவி எழுந்தாள். “மிஸ், அந்த அக்காங்க பாத்ரூம் எங்க போவாங்க?”

வகுப்பு முழுவதும் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவளுடைய அப்பா மீன்பிடி படகில் போகிறவர். அந்தச் சிறிய ஃபைபர் படகில் கழிப்பறை கிடையாது. ஆண்கள் படகின் ஓரத்திலேயே சமாளித்துக்கொள்வார்கள். பெண்கள் போனால் என்ன செய்வது? கேள்வி மிகச் சரியானது. எனக்குத்தான் பதில் தெரியவில்லை. “நாளைக்குச் சொல்றேன்” என்று சொல்லி உட்கார வைத்தேன்.

மாமா கொண்டுவந்த பம்பு

அந்த ‘நாளை’ வருவதற்கு இரண்டு வாரம் ஆனது. வேறொரு மாணவியின் தாய்மாமன் கொச்சியில் பாய்மரப் படகுகளைப் பழுது பார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். விஷயத்தைக் கேள்விப்பட்டு, ஒரு பழைய படகிலிருந்து கழற்றிய கழிப்பறைப் பம்பைச் சாக்குப்பையில் போட்டு எடுத்து வந்தார். “பயப்படாதீங்க டீச்சரம்மா. பிளீச்சிங் பவுடர் தண்ணியில ரெண்டு நாள் ஊறவச்சு, வெயில்ல காயவச்சுதான் கொண்டாந்திருக்கேன்” என்றார்.

கையால் இயக்கும் கழிப்பறை பெரும்பாலும் சிறிய பாய்மரப் படகுகளில்தான் இருக்கும். மேல்நிலைத் தொட்டி வைக்க அங்கே இடமில்லை. நல்ல தண்ணீரை வீணாக்கவும் முடியாது. கடல்நீரையே இழுத்து, கடல்நீராலேயே அலசி, வெளியேற்ற வேண்டும். பம்பைப் பார்த்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் சொன்னான்: “மிஸ், இது நம்ம அடிபம்பு மாதிரியே இருக்கு.” அன்றைய பாடத்தின் பாதியை அவன் அந்த ஒரு வரியில் நடத்திவிட்டான்.

ஒரே கம்பி, இரண்டு வேலை

உள்ளே ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன். கைப்பிடியை மேலே இழுக்கும்போது பிஸ்டனுக்குக் கீழே அழுத்தம் குறைகிறது. கோப்பையில் இருப்பதைக் காற்றழுத்தம் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அதே நேரத்தில் பிஸ்டனுக்கு மேலே இருக்கும் கடல்நீர் கோப்பைக்குள் போகிறது. கைப்பிடியைக் கீழே அழுத்தும்போது கழிவு வெளியேறும் குழாய்க்குப் போகிறது. மேலே புதிய கடல்நீர் உள்ளே வருகிறது. எட்டாம் வகுப்பு ‘விசையும் அழுத்தமும்’ பாடத்தில் ஊசிக்குழலை வைத்து நாம் சொல்வது இதைத்தான்.

ஆனால் பிஸ்டன் மட்டும் போதாது. தண்ணீர் வந்த வழியே திரும்பாமல் இருக்க ஒருவழி வால்வுகள் வேண்டும். இந்தப் பம்பில் மூன்று ரப்பர் பாகங்கள் அந்த வேலையைச் செய்கின்றன. கழிவு வெளியேறும் வாயில் இருப்பது வாத்தின் அலகைப் போலத் தட்டையாக மூடிய ரப்பர். உள்ளிருந்து தள்ளினால் அலகு திறக்கும். வெளியிலிருந்து தள்ளினால் இறுக மூடிக்கொள்ளும். நம் இதயத்தின் வால்வுகளும் இதே விதிப்படிதான் இயங்குகின்றன: ஒரு பக்கம் அழுத்தம் கூடினால் திறக்கும், மறுபக்கம் கூடினால் மூடும். பத்தாம் வகுப்பில் சுற்றோட்ட மண்டலம் நடத்தும் ஆசிரியர்கள் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பழுதுகள் பேசும் அறிவியல்

மாமா மூன்று பழுதுகளைச் சொன்னார். மூன்றும் மூன்று பாடங்கள்.

முதலாவது, அலசிய தண்ணீர் மெல்ல மெல்லக் கோப்பைக்கே திரும்புவது. வாத்தலகு ரப்பர் தளர்ந்துபோனது அல்லது அதில் ஏதோ சிக்கியிருப்பது காரணம். ரப்பரை மாற்றினால் சரியாகிவிடும். பம்பு முழுவதையும் மாற்றத் தேவையில்லை.

இரண்டாவது, கழிவுக்குழாய் உள்ளுக்குள் குறுகி, கைப்பிடி இறுகிப்போவது. கடல்நீரில் உள்ள கால்சியமும் சிறுநீரும் சேர்ந்து குழாயின் உட்புறத்தில் சுண்ணாம்பு போலப் படிகின்றன. வினிகர் போன்ற வலுக்குறைந்த அமிலத்தை ஊற்றி வைத்தால் படிவு கரையும். அமிலமும் கார்பனேட்டும் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடு குமிழ்கள் வருவதை வகுப்பில் முட்டை ஓட்டையும் வினிகரையும் வைத்துக் காட்டினேன்.

மூன்றாவது பழுதுதான் வகுப்பை அமைதியாக்கியது. “இதால படகே முழுகிப் போவும்” என்றார் மாமா. கோப்பை கடல்மட்டத்துக்குக் கீழே இருக்கும் படகுகளில், வால்வு கெட்டு, அடைக்கும் குழாயையும் மூடாமல் விட்டால், கடல் தானாகவே உள்ளே வழியத் தொடங்கும். சைஃபன் தத்துவம் அது. ஒருமுறை தொடங்கினால் பம்பு அடிக்க ஆள் தேவையில்லை. இதைத் தடுக்கத்தான் குழாயைக் கடல்மட்டத்துக்கு மேலே தலைகீழாக வளைத்துக் கொண்டுபோய், வளைவின் உச்சியில் காற்று புகும் சிறு வால்வு வைக்கிறார்கள். காற்று புகுந்தால் சைஃபன் அறுந்துவிடும்.

எவ்வளவு தண்ணீர் புகும்? மாணவர்களே கணக்கிட்டார்கள். கடல்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 19 மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை. நீரின் வேகம்: 2 × 9.8 × 0.5 = 9.8, அதன் வர்க்கமூலம் விநாடிக்கு ஏறத்தாழ 3.13 மீட்டர். துளையின் பரப்பு சுமார் 2.83 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் விநாடிக்கு 0.89 லிட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 53 லிட்டர். துளையில் நீரோட்டம் சுருங்குவதையும் உராய்வையும் கணக்கில் எடுத்து 0.6 ஆல் பெருக்கினாலும் நிமிடத்துக்குச் சுமார் 32 லிட்டர். ஒரு மணி நேரத்தில் 1,900 லிட்டருக்கு மேல். கட்டைவிரல் நுழையும் ஓட்டைதான் அது.

இது கற்பனை ஆபத்து அல்ல. 1945 ஏப்ரல் 14 அன்று ஸ்காட்லாந்துக் கடற்கரைக்கு அருகே யு-1206 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பலின் கழிப்பறை வழியாகக் கடல்நீர் உள்ளே புகுந்தது. அது மின்கலங்களை எட்டியதும் குளோரின் வாயு உண்டானது. கப்பல் மேலே வர வேண்டியதாயிற்று, அங்கே அது தாக்கப்பட்டது, கடைசியில் கைவிடப்பட்டது.

ஒரு தந்தையின் கேள்வி

மறுநாள் மாலை ஒரு மாணவனின் அப்பா வந்தார். குரலை உயர்த்தவில்லை. “டீச்சர், எங்கப்பா அந்த வேலை பார்த்தவரு. அந்தப் பேரு எம்மவனுக்கு வேணாம்னுதான் படிக்க அனுப்புறேன். கக்கூஸ் சாமானை அவன் கையில குடுத்தீங்களாமே?”

என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பம்பைக் கழற்றிக் காட்ட “யார் வர்றீங்க?” என்று நான் கேட்டபோது பலர் மூக்கைப் பொத்திக்கொண்டு தயங்கினார்கள். தயங்காமல் வந்தவன் அவர் மகன். ஆர்வம் என்று மகிழ்ந்து அவனிடமே எல்லாவற்றையும் கொடுத்தேன். மற்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். கழிவை மனிதர் கையால் அகற்றும் பணியில் ஆட்களை அமர்த்துவதற்கு 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை விதித்திருக்கிறது. ஆனால் அந்த வேலை யாருடையது என்ற எண்ணம் என் வகுப்பறையில் இருக்கைக்கு அடியில் அப்படியே இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

“தப்பு என்னுதுதான் அண்ணே. நாளைக்கு வகுப்புக்கு வந்து பாருங்க” என்றேன்.

மறுநாள் பம்பை முதலில் நானே கழற்றினேன். பிறகு வருகைப் பதிவேட்டு வரிசைப்படி ஒவ்வொருவரும் ஒரு பாகத்தைக் கழற்றி, அதன் பெயரையும் வேலையையும் சொல்லி, அடுத்தவரிடம் கொடுத்தார்கள். யாருக்கும் விலக்கு இல்லை. நடுவில் கேட்டேன்: “தாரிணியில ரெண்டே பேர். கழிப்பறை பழுதானா யார் சரிசெய்வாங்க?” கேள்வி கேட்ட அதே மாணவிதான் சொன்னாள்: “அவங்கதான் மிஸ். கூப்பிட வேற ஆளே இல்லையே.”

வாசலில் நின்ற அப்பா கடைசி வரை இருந்தார். போகும்போது ஒன்றே சொன்னார்: “எல்லாரும் தொட்டா சரி.”

நம் வீட்டு ரப்பர்

பாடம் முடிந்த பிறகு அந்த மாணவி தனியாக வந்தாள். மாணவிகள் கழிப்பறையில் தண்ணீர்த் தொட்டி நிற்காமல் ஒழுகுவதால் பத்து மணிக்கே காலியாகிவிடுகிறது என்றும், அதனால் பலர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்றும் சொன்னாள். அவளுடைய முதல் கேள்வி எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

தலைமை ஆசிரியரிடம் சொல்லி, பிளம்பரை அழைத்து, நானும் கூட இருந்து பார்த்தேன். தொட்டியின் அடியில் இருந்த ரப்பர் மூடி வளைந்து போயிருந்தது. அதை மாற்றக் கால் மணி நேரம் ஆனது. படகில் ஒரு ரப்பர் கெட்டால் உயிர் போகலாம் என்று பாடம் நடத்திய நான், எங்கள் பள்ளியில் ஒரு ரப்பர் கெட்டதை மாதக்கணக்கில் அறியாமல் இருந்திருக்கிறேன்.

நீங்களும் செய்து பாருங்கள்

பம்பு கிடைக்காவிட்டாலும் இந்தப் பாடத்தை நடத்தலாம்.

1. வாத்தலகு வால்வு: பலூனின் கழுத்தை வெட்டி, அகன்ற முனையை ஒரு குழாயில் மாட்டி, மறுமுனையைத் தட்டையாக விடுங்கள். குழாய் வழியாக ஊதினால் காற்று வெளியேறும். உறிஞ்சினால் பலூன் ஒட்டிக்கொண்டு அடைபடும்.

2. சைஃபன்: உயரத்தில் ஒரு வாளி, கீழே ஒரு வாளி, நடுவே நீர் நிரம்பிய குழாய். நீர் ஓடும்போது குழாயின் உச்சியில் ஊசியால் துளையிடுங்கள். காற்று புகுந்து ஓட்டம் நிற்பதை மாணவர்கள் காணட்டும்.

3. படிவு: முட்டை ஓடும் வினிகரும். பிளீச்சிங் பவுடரையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நச்சு வாயுவான குளோரின் உண்டாகும். இதை வீட்டிலும் சொல்லச் சொல்லுங்கள்.

4. கடலும் நாமும்: 400 டன்னுக்கு மேற்பட்ட அல்லது 15 பேருக்கு மேல் ஏற்றும் பன்னாட்டுக் கப்பல்கள், சுத்திகரிக்காத கழிவைக் கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு, அதாவது 22 கிலோமீட்டருக்கு, அப்பால்தான் வெளியேற்றலாம் என்கிறது பன்னாட்டு விதி. 2021இல் நீலக்கொடிச் சான்று பெற்ற எங்கள் கோவளம் கடற்கரையில் இதைப் பேசாமல் எப்படி இருப்பது?

இரண்டு எச்சரிக்கைகள். பயன்பாட்டில் உள்ள கழிப்பறையை மாணவர்களைக் கொண்டு சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ வைக்கக் கூடாது. பாடம் வேறு, வேலை வாங்குவது வேறு. பொருளைக் கையில் கொடுக்கும்போது முதலில் நம் கை படட்டும், பிறகு எல்லோர் கையும் படட்டும்.

உங்கள் பள்ளியில் மாணவிகள் காலையில் தண்ணீர் குடிக்கிறார்களா? நாளை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.