ஸ்லைஸ் எவ்வளவு தின்கிறது? கோ மொழி பழகும் பாப்பிரெட்டிப்பட்டிப் பிள்ளைகளுக்கு

1. கோ மொழியில் ஸ்லைஸின் அளவைச் 'சைஸ்ஆஃப்' போட்டுக் கேட்காதீர்கள். ஓர் உறுப்பு இருந்தாலும் கோடி இருந்தாலும் 64 பிட் கணினியில் 24 பைட் என்றே சொல்லும்: முகவரி, நீளம், கொள்ளளவு, தலைக்கு எட்டு. சிட்டாவை எடைபோட்டு நிலத்தின் பரப்பைச் சொல்ல முடியுமா?

2. முதலில் தாளில் கணக்குப் போடுங்கள். நம் சட்டமன்றத் தொகுதி, எண் 60. வாக்காளர் இரண்டரை லட்சம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். அடையாள அட்டை எண்ணில் மூன்று எழுத்து, ஏழு இலக்கம். அதைப் பத்து பைட் அரேயாக அடுக்கினால் மொத்தம் 25 லட்சம் பைட். தனித்தனி ஸ்ட்ரிங்காக வைத்தாலோ தலைப்புக்கு 16, எழுத்துகளுக்கு இன்னொரு 16 (கேட்பது பத்துதான், ரன்டைம் தருவது பதினாறு). ஆக 80 லட்சம். போதாததற்கு, குப்பை அள்ளும் கார்பேஜ் கலெக்டர் அத்தனை முகவரியையும் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். பைட் அரேக்கு அந்த வேலையே இல்லை.

3. தாள் கணக்கில் உறுப்பின் அளவால் பெருக்க வேண்டியது நீளத்தை அல்ல, கொள்ளளவை. அப்பெண்ட் செய்யும்போது இடம் போதாவிட்டால் சின்ன ஸ்லைஸ் இரட்டிப்பாகும். 256 உறுப்பைத் தாண்டினால் அந்த வேகம் மெல்லக் குறைந்து ஒன்றேகால் மடங்கை நெருங்கும். நகலெடுக்கும் நேரத்தில் பழையதும் புதியதும் சேர்ந்தே நிற்கும். எண்ணிக்கை தெரிந்தால் மேக் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

4. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வாக்காளர் பட்டியல் கோப்பு முழுவதையும் ஒரே ஸ்ட்ரிங்காகப் படித்து, அதிலிருந்து அட்டை எண்களை மட்டும் வெட்டி வைத்திருப்பார்கள். வெட்டிய துண்டு ஒன்றே ஒன்று மிஞ்சினாலும் மொத்தக் கோப்பும் நினைவகத்தை விட்டுப் போகாது. ஸ்ட்ரிங்ஸ் குளோன் (1.18 முதல்), ஸ்லைஸஸ் குளோன் (1.21 முதல்) இதற்காகவே இருக்கின்றன.

5. அளக்கும் முறை: கார்பேஜ் கலெக்டரை நாமே ஓட்டி, ரீட்மெம்ஸ்டாட்ஸில் ஹீப்அலாக் பார்ப்பது, ஸ்லைஸை நிரப்பியபின் மறுபடி ஓட்டிப் பார்ப்பது, வித்தியாசத்தை எடுப்பது. இரண்டாம் அளவுக்குப் பிறகு கீப்அலைவ் வரி இருக்கட்டும். இல்லாவிட்டால் இனி யாருக்கும் வேண்டாத ஸ்லைஸ் என்று அதையும் கூட்டிப் பெருக்கிவிடும், உங்களுக்குப் பூஜ்யத்தை ஒட்டிய விடை வரும். ரீட்மெம்ஸ்டாட்ஸ் தரும் டோட்டல்அலாக் ஏறுமே தவிர இறங்காது. அதை வைத்துச் சண்டை போடாதீர்கள்.

6. 'டாப்' கட்டளை 'ரெஸ்' பத்தியில் காட்டும் எண் வேறு கதை. கேட்டு வாங்கியும் இன்னும் தொடாத பக்கங்களை லினக்ஸ் அந்தக் கணக்கில் ஏற்றாது. விடுவித்த இடத்தையும் கோ உடனே திருப்பித் தராது.

7. பெரிய நிரல் என்றால், எந்த வரி எவ்வளவு ஒதுக்கியது என்று காட்டும் பிப்ராஃப் கருவியைப் பாருங்கள். வழக்கமாகச் சுமார் 512 கிலோபைட் ஒதுக்கீட்டுக்கு ஒரு மாதிரிதான் எடுக்கும். சின்னச் சின்ன எண்களை அதில் தேடாதீர்கள்.