நாற்பத்தைந்து ஆண்டு ஆட்டம்

நுழையும்முன்

வெற்றி வரும், விலகியும் போகும். பட்டம் கைவிட்டுப் போனபின்னும் ஆட்டத்தைக் கைவிடாதவர் சிலரே. உருசியச் சதுரங்க வீராங்கனை ஓல்கா ரூப்த்சோவா அவர்களுள் ஒருவர்.

அரைப்புள்ளி வெற்றி

ஓல்கா 1909ஆம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். 1927இல் சோவியத் ஒன்றியம் பெண்களுக்கென முதன்முறையாக நடத்திய தேசியச் சதுரங்கப் போட்டியில் முதலிடம் பெற்றார். 1931, 1937, 1949 ஆகிய ஆண்டுகளிலும் அப்பட்டம் அவருக்கே கிட்டியது.

பெண்களின் முதல் உலக வாகையரான வேரா மென்சிக், 1944இல் இலண்டனில் குண்டுவீச்சில் உயிரிழந்தார். வெற்றிடமான பட்டத்திற்கு 1949ஆம் ஆண்டின் இறுதியில் மாஸ்கோவில் போட்டி தொடங்கியது. பதினாறு பேர் மோதிய அப்போட்டியில் லுத்மிலா ரூதென்கோ 11½ புள்ளிகளுடன் வென்றார். ஓல்கா பெற்றவை 10½; ஒரு புள்ளியில் உலகப் பட்டம் நழுவியது.

மனம் தளராத அவர் 1956இல் மீண்டும் களம் கண்டார். பட்டத்திற்காக ரூதென்கோ, எலிசவேத்தா பிகோவா, ஓல்கா ஆகிய மூவரும் மோதினர். ஒவ்வொருவரும் மற்ற இருவருடனும் எட்டு ஆட்டங்கள் ஆடினர். ஓல்கா 10, பிகோவா 9½, ரூதென்கோ 4½ எனப் புள்ளிகள் அமைந்தன. சமனில் முடியும் ஓர் ஆட்டத்தின் மதிப்பாகிய அரைப்புள்ளியே ஓல்காவை, நாற்பத்தேழாம் வயதில், உலக வாகையர் ஆக்கியது. ஆயினும் இரண்டே ஆண்டுகளில் பிகோவா பட்டத்தை மீட்டுக்கொண்டார்.

அஞ்சலில் வந்த வாகை

இத்தோல்விக்குப் பின்னும் ஓல்காவின் ஆட்டம் முடியவில்லை, களம்தான் மாறியது. அஞ்சல்வழிச் சதுரங்கத்தில் எதிராளியின் முகம் தெரியாது. ஒரு நகர்த்தலை அஞ்சலட்டையில் எழுதி அனுப்பிவிட்டு, மறுமொழிக்குப் பல நாள்கள் காத்திருக்க வேண்டும். ஒரு போட்டி முடியச் சில ஆண்டுகள் ஆகும். நேரடி ஆட்டத்தில் கடிகாரம் விரைவைக் கோரும். இங்கோ ஆழ்ந்த ஆராய்ச்சியும் பொறுமையுமே துணை. பெண்களுக்கான முதல் உலக அஞ்சல்வழிச் சதுரங்கப் போட்டி 1972இல் நிறைவுற்றபோது, அறுபதைக் கடந்திருந்த ஓல்காவே வாகை சூடினார். முதல் தேசிய வெற்றிக்கும் இவ்வெற்றிக்கும் இடையே நாற்பத்தைந்து ஆண்டுகள்!

பட்டம் அவரிடம் இருந்தது ஈராண்டு. ஆட்டம் இருந்ததோ வாழ்நாள் முழுவதும். 1994இல் அவர் மறைந்தார்.

தெரியுமா?

ஓல்காவின் மகள் எலேனா ஃபத்தலிபேகோவா, 1974இல் சோவியத் பெண்கள் சதுரங்கப் பட்டத்தை வென்றார்.

சிந்தனை வினாக்கள்

1. நேரடிச் சதுரங்கத்தையும் அஞ்சல்வழிச் சதுரங்கத்தையும் ஒப்பிடுக.
2. 1958ஆம் ஆண்டின் தோல்வியை ஓல்கா எதிர்கொண்ட முறையிலிருந்து நீவிர் அறிவன யாவை?