சுகர் இல்லை என்றால் போதுமா?

மருத்துவ முகாமில் இரத்தம் எடுத்துப் பார்த்து "சுகர் இல்லை" என்று சொல்லிவிட்டால், நம்மில் பலர் நிம்மதியாகத் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறோம். அதே தாளில் பிரஷர் 134/88 என்றும் ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 190 என்றும் இருந்தால் அதை யாரும் கேட்பதில்லை. எல்லாம் 'கொஞ்சம்தான் கூட'. இந்தக் கொஞ்சங்கள் ஒரே உடம்பில் சேர்வதற்குத்தான் மருத்துவர்கள் மெட்டபாலிக் சிண்ட்ரோம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

கீழே உள்ள ஐந்தில் ஏதேனும் மூன்று இருந்தால் அது இருக்கிறது என்று பொருள். வயிற்றுச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல், இரத்த அழுத்தத்தில் மேல் அளவு 130 அல்லது கீழ் அளவு 85ஐ எட்டுவது, வெறும் வயிற்றில் சர்க்கரை 100 அல்லது அதற்கு மேல், ட்ரைகிளிசரைடு 150 அல்லது அதற்கு மேல், ஹெச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு ஆண்களுக்கு 40க்கும் பெண்களுக்கு 50க்கும் கீழே. மாத்திரையால் அளவு சரியாக இருந்தாலும் அதையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இது எத்தனை பேருக்கு? இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2020ல் வெளியான மதிப்பீட்டின்படி, பெரியவர்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு. கல்யாண விருந்தில் ஒரு சஹனைச் சுற்றி உட்காரும் மூன்று நான்கு பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களில் 26 சதவீதம், பெண்களில் 35. பெண்களுக்குத்தான் அதிகம்! வாப்பாவுக்கு மாதந்தோறும் டெஸ்ட் எடுக்கும் வீட்டில், உம்மாவுக்குக் கடைசியாக எப்போது பிரஷர் பார்த்தோம்?

வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு ஈரலிலும் படிகிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போகிறது. கணையம் கூடுதலாகச் சுரந்து சில வருடங்கள் சமாளிக்கும். அதுவரை சர்க்கரை அளவு ஒழுங்காகவே காட்டும். பிறகு சர்க்கரை நோயும் மாரடைப்பும் வர வழி திறந்துவிடுகிறது. கறியை நிறுத்தினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் ட்ரைகிளிசரைடை ஏற்றுவதில் தட்டு நிறைய வெள்ளைச் சோறும், பரோட்டாவும், நாளைக்கு நாலு தடவை குடிக்கும் சீனி போட்ட தேநீரும் கறிக்குச் சளைத்தவை அல்ல.

திருத்த முடியும். சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைச் சென்னை மருத்துவர்கள் சுமார் மூன்று வருடங்கள் கவனித்து, 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கம்போல் வாழ்ந்தவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நோய் வந்தது. உணவைத் திருத்தி, தினமும் அரைமணி நேரமாவது நடக்கச் சொல்லப்பட்டவர்களில் 39 பேருக்கு. இத்தனைக்கும் அவர்களுடைய எடை பெரிதாகக் குறையவில்லை. தெருவில் நடக்கத் தயங்கும் பெண்களுக்கு மொட்டை மாடி போதும். மூச்சு சற்று வாங்குகிற வேகம்தான் முக்கியம்.

கைலியும் நைட்டியும் வயிறு பெருப்பதைக் காட்டிக் கொடுப்பதில்லை. பேன்ட் அளவும் சரியான அளவல்ல, அது தொப்பைக்குக் கீழே நிற்பது. தையல் மிஷின் டிராயரில் இருக்கும் டேப்பை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்ட நிலையில், வயிற்றை உள்ளே இழுக்காமல் சுற்றிப் பாருங்கள். ஆண்களுக்கு முப்பத்தைந்தரை அங்குலம், பெண்களுக்கு முப்பத்தொன்றரை. அதை எட்டிவிட்டால் மற்ற நான்கு அளவுகளையும் இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.